மலைமேல் ஒரு முல்லை

மலைநாட்டுக்குச் செல்வோர் பெரும்பாலும் தேடுவது காட்சிமுனைகளையே. எந்த வளைவில் வண்டியை நிறுத்தினாற் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும், எந்தப் பாறையில் நின்றாற் கடல்வரை கண் செல்லும், எந்தக் குன்று யாவற்றினும் உயர்ந்தது என்று முன்சென்று வந்தாரை வினாவுவர். அவர் கூறும் இடப்பெயர்களைத் தாளிற் குறித்துக்கொள்வர். குறித்தபடியே சென்று, குறித்த பாறையிலேயே நின்று, வெண்ணிற மூடுபனியைத் தவிர வேறொன்றையும் காணாது திரும்புவோரும் பலர். இவர் இடத்தைத் தேடினர், பொழுதைத் தேடினாரல்லர்.

தமிழிலக்கணம் கற்றார்க்கு இது புதியதொரு செய்தியன்று. தொல்காப்பியர் முதற்பொருள் என்று வகுத்தது நிலத்தை மட்டுமன்று. நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையுமே முதலென்றார். அந்நிலத்தில் அப்பொழுதில் உள்ள மரம், விலங்கு, புள், மக்கள், அவர்தம் தொழில் என்பன கருப்பொருள். இவ்விரண்டும் கூடிய விடத்து உள்ளத்தில் நிகழ்வது உரிப்பொருள். அகத்திணைச் செய்யுளுக்கு வகுத்த இம்முறை, ஒரு நாட்டைக் கண்ணாற் காணச் செல்வோனுக்கும் பொருந்தும் என்பது என் துணிபு. முதலும் கருவும் உரியும் கூடியவிடத்தே காட்சி நிறையும். ஒன்று குறையினும் அது வெறும் உயரமே.

சென்ற மாசி மாதத்தில் எங்கள் கல்லூரி ஆசிரியர் இருவரும் மாணவர் எண்மரும் யானுமாக ஒரு வானில் ஏறி, மத்திய மலைநாட்டின் உயர்நிலப் புற்றரைகளை நான்கு நாள் சுற்றிவந்தோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகட்குக் குறிஞ்சி என்பது ஏட்டில் உள்ள நிலம். எங்கள் பக்கத்தில் மலையென்னும் பெயர் தாங்கி நிற்பது கீரிமலை. அங்கே கேணியும் கடலும் உள, மலைதான் இல்லை. குறிஞ்சியின் தெய்வமும் உணவும் பறையும் பண்ணும் வாய்ப்பாடாக ஒப்பிக்கும் மாணவன், மலைச்சரிவில் மேகம் ஏறிவருவதை ஒருநாளேனும் கண்டவனல்லன். 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்தில் இத்தகைய கல்விச் செலவுகள் அரிதாயின. ஆதலின், இச்செலவிற் கண்டவற்றை மேற்கூறிய முறையிலே வைத்து எழுதுகின்றேன். இவ்வழியே மாணவரை அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்க்கு இது பயன்படுதல் கூடும்.

நிலம்

மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளிலே மரமின்றிப் புல்லே படர்ந்து கிடக்கும் அகன்ற வெளிகள் உள. சிங்களத்தில் இவற்றைப் பத்தனை என்பர். நம் புவியியல் நூல்களும் அச்சொல்லையே எடுத்தாளுகின்றன. ஊவாப் பக்கத்தில் உள்ளவை உலர் பத்தனைகள். ஏறக்குறைய 1500 மீற்றருக்கு மேலே, மழையும் குளிரும் மிக்க இடத்தில் உள்ளவை ஈரப் பத்தனைகள். ஈரப் பத்தனையின் மண் கருநிறமானது. மட்காத புல்வேர் செறிந்து, மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சிவைத்து, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுவது. இவ்வெளிகளுள் மிகப் பெரும்புகழ் பெற்றது ஹோட்டன் சமவெளி. 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயர் இதற்கு இடப்பட்டது. அதற்கு முன்னரே சிங்கள மக்கள் இதனை மகா எலிய, அஃதாவது பெருவெளி, என்று வழங்கினர். 1988இல் இது தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பரப்பு ஏறக்குறைய 3160 எக்டேயர்.

சமவெளி என்ற பெயரைக் கேட்டு வயல்வெளியை எண்ணிக்கொள்ளலாகாது. கடல்மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேலே, அலையலையாக எழுந்தும் தாழ்ந்தும் கிடக்கின்ற மேட்டுநிலம் அது. அதன் ஓரங்களில் 2389 மீற்றர் உயர்ந்த கிரிகல்பொத்தையும், 2357 மீற்றர் உயர்ந்த தொட்டுபொல மலையும் நிற்கின்றன. இலங்கையின் இரண்டாம் மூன்றாம் உயரமான மலைகள் இவை. எனினும் சமவெளியில் நின்று பார்ப்போர்க்கு இவை சிறு குன்றுகளாகவே தோன்றும். நிற்கும் நிலமே அவ்வளவு உயரத்தில் இருக்கின்றது.

இவ்விடத்தே காட்சி தேடுவோன் அறியவேண்டிய முதல் விதி ஒன்றுண்டு. உயர்நிலப் புற்றரையில் நெடுந்தூரக் காட்சி உச்சியிற் கிடைப்பதன்று, விளிம்பிற் கிடைப்பது. வெளியின் நடுவே எவ்வளவு தூரம் நடந்தாலும் புல்லும் வானும் அடுத்த மேடுமே தோன்றும். மேட்டுநிலம் முடிந்து தாழ்நிலத்தை நோக்கி வீழும் இடத்தை அடைந்தால், ஒரே அடியில் உலகம் திறக்கும். நம் மலைநாட்டின் தென்புறம் ஒரு பெருமதில் போன்றது. ஹோட்டன் சமவெளியிலிருந்து கிழக்கே ஹப்புத்தளைக்கு அப்பாலும் நீளும் அம்மதிலின் விளிம்பிலேதான் மலைநாட்டின் மிகச்சிறந்த காட்சிமுனைகள் பல வரிசையாக உள்ளன. உலக முடிவு, லிப்டன் இருக்கை, எல்லைக் கணவாய் ஆகிய மூன்றும் வெவ்வேறு இடங்களாகப் பேசப்பட்டாலும் அவை ஒரே மதிலின் மூன்று சாளரங்கள். இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமான பிதுறுதலாகலை, 2524 மீற்றர் உயர்ந்தும், காட்சி தேடுவோர் பட்டியலில் முதலிடம் பெறாமைக்குக் காரணமும் இதுவே. அது மலைகளின் நடுவே நிற்கின்றது. நுவரெலியா நகரமும் அவ்வாறே மலைகள் சூழ்ந்த கிண்ணத்துள் இருக்கின்றது. வெளியே பார்க்க வேண்டுமானால் கிண்ணத்தின் வாயை அடைதல் வேண்டும்.

முதலாம் நாள் மாலை யாம் அதையே செய்தோம். நுவரெலியாவிலிருந்து பதுளைத் தெருவில் 10 கிலோமீற்றரளவு சென்றால் ஹக்கலைத் தாவரவியற் பூங்கா. சுரத்துக்கு மருந்தான சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காக 1861இல் தொடங்கப்பெற்றது அது. இன்று மலர்களுக்காக அங்கே செல்வோரே மிகுதி. மலர்ப்பாத்திகளைக் கடந்து கிழக்கு நோக்கி நின்றால், வெலிமடைப் பள்ளத்தின் புல்மேடுகளும் படிவயல்களும், அவற்றுக்கப்பால் நீலமாக நமுனுகுலை மலையும் தோன்றும். மாலை வெயில் முதுகுக்குப் பின்னாக இருப்பதால், எதிரே உள்ள ஒவ்வொரு மடிப்பும் துலங்கும். காலையிற் சென்றாற் கதிரவன் கண்ணுக்கு நேரே நிற்கும். ஒரே இடம் காலையில் வேறு, மாலையில் வேறு என்பதை மாணவர் முதலாம் நாளே கண்டுகொண்டனர்.

பொழுது

இரண்டாம் நாள் விடியுமுன் அதிகாலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொலை வழியாக ஹோட்டன் சமவெளிக்கு ஏறக்குறைய 32 கிலோமீற்றர். பட்டிப்பொலைப் புகையிரத நிலையம் 1891 மீற்றர் உயரத்தில் இருப்பது. நம் நாட்டு நிலையங்களுள் இதுவே உயர்ந்தது. அம்பேவெலப் புல்வெளிகளிற் பால்மாடுகள் நிற்பதும், காற்றாலைகளின் நெடிய கைகள் இருளிற் சுழல்வதும் வண்டிவிளக்கின் ஒளியிற் சிறிதே தெரிந்தன. பூங்காவின் வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். அங்கே காவலர் பைகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளை வாங்கிவைத்துக்கொள்வர். உணவைத் தாளிலோ வாழையிலையிலோ சுற்றிச் செல்வது நலம். எங்கள் சோற்றுப் பொதிகள் வாழையிலையில் இருந்தமையால் இடரில்லை.

அவ்வளவு அதிகாலையிற் போவானேன் என்று வினவுவார்க்கு விடை இது. இரவிற் குளிர்ந்த காற்று பள்ளங்களிலே தங்கிவிடும். அப்போது விளிம்பு தெளிந்திருக்கும். கதிரவன் எழுந்து தாழ்நிலத்தைச் சுடச்சுட, ஈரம் நிறைந்த காற்று சூடாகி மலைச்சுவரைத் தழுவிக்கொண்டு மேலேறும். ஏறுந்தோறும் குளிரும், குளிர்ந்தபோது மேகமாகும். காலை 9 மணி, 10 மணியளவில் அம்மேகம் விளிம்பை எட்டி வெண்திரை விரித்துவிடும். ஆதலின் 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையிலுள்ள பொழுதே உலக முடிவுக்கு உரிய பொழுது. அதன்பின் வருவோர் காண்பது உலகத்தின் முடிவையன்று, கண்ணின் முடிவையே.

பெரும்பொழுதும் கருதத்தக்கது. சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான காலத்தில் மலைநாட்டின் மேற்குப் புறத்தில் மழையும் மூட்டமும் மிகும். அக்காலத்தில் ஊவாப் பக்கமாகிய பண்டாரவளையும் எல்லையும் மழைமறைவில் உலர்ந்திருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் நிலைமை மாறும். இரண்டு காற்றும் அடங்கி நிற்கும் தை, மாசி, பங்குனி மாதங்களே ஹோட்டன் சமவெளிக்குச் சிறந்தவை. அம்மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளிற் சில வேளை புல்லின்மீது உறைபனி படிவதுமுண்டு. யாம் சென்ற காலையில் ஓடைக்கரைப் புல் வெள்ளிக்கம்பி போல விறைத்து நின்றது. மாணவன் ஒருவன் அதனைத் தொட்டுப் பார்த்து, பின்பனி என்று படித்த சொல்லுக்கு இப்பொழுதுதான் விரலாற் பொருள் தெரிந்தது என்றான்.

வண்டிகள் நிற்கும் இடத்திலிருந்து உலக முடிவுக்குச் சென்று, பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகத் திரும்பும் வட்டப் பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். எப்புறமாகவும் சுற்றலாம், ஆயினும் காட்சி வேண்டுவோர் முதலில் விளிம்புக்கே போதல் வேண்டும். நீர்வீழ்ச்சி மூட்டத்திலும் காணத்தக்கது, அது காத்திருக்கும், விளிம்பு காத்திராது. வழியிற் சிற்றுலக முடிவு என்றொரு முனை வரும். அதனைக் கடந்து மேலும் நடந்தாற் பேருலக முடிவு. அங்கே நிலம் எண்ணூறு மீற்றருக்கு மேலாகச் செங்குத்தாய்க் கீழே வீழ்கின்றது. யாம் சென்று சேர்ந்தபோது ஏழே முக்கால் மணி. கீழே காடு, காட்டுக்கப்பால் தேயிலைச் சரிவு, அதற்கப்பால் தென்றிசைத் தாழ்நிலம் நீலநிறமாக விரிந்து, நீர்நிலையொன்று கண்ணாடித் துண்டுபோல மின்னிற்று. மிகத் தெளிந்த நாளிற் கடலும் தெரியுமென்பர். அன்று கடலும் வானும் கலந்த ஒரு வெண்கோடே எமக்குத் தெரிந்தது. எட்டே முக்கால் மணிக்குக் கீழிருந்து முதல் மேகத்துண்டு எழுந்தது. ஒன்பதேகால் மணிக்கு எல்லாம் மறைந்துவிட்டன.

வலிமையுள்ளோர்க்கு வேறிரண்டு முனைகளையும் கூறலாம். பட்டிப்பொலையிலிருந்து வரும் தெருவின் ஓரத்திலேயே தொட்டுபொல மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை தொடங்குகின்றது. அது குறுகிய ஏற்றம். கிரிகல்பொத்தைக்குப் போகும் பாதை நீண்டது, சேறு நிறைந்தது. ஒரு பகல் முழுவதும் வேண்டும். அதன் உச்சியிலிருந்து மேற்கே சிவனொளிபாதமலையின் கூம்பு தனித்து நிற்பதைக் காணலாம்.

கரு

இனிக் கருப்பொருள். புற்றரையின் ஓரங்களிற் குட்டையாய் முறுக்கிய கிளைகளோடு நிற்கும் மரமொன்று மாசியிற் செக்கச்சிவந்த பூங்கொத்துகளைத் தாங்கியிருந்தது. சிங்களத்தில் இதனை மகா ரத்மல் என்பர். நீலகிரியில் இதன் இனத்தைத் தமிழர் காட்டுப் பூவரசு என்று வழங்குவர். காற்றுக்கு அஞ்சிய காட்டுமரங்கள் குடைபோல மேற்புறம் தட்டையாக நிற்கின்றன. அவற்றின் கிளைகளிற் பாசி தாடிபோலத் தொங்குகின்றது. மரைகள் கூட்டங்கூட்டமாகப் புல் மேய்கின்றன. அவற்றைத் தின்னும் சிறுத்தையும் அங்கே உண்டு. முன்னொரு காலத்தில் யானைகளும் இருந்தன. வேட்டையாடுவோர் அவற்றை ஒழித்துவிட்டனர். நீர்வீழ்ச்சிக்குப் பெயர் கொடுத்த சாமுவேல் பேக்கர் அவ்வேட்டைக்காரருள் ஒருவர். நுவரெலியாவில் வாழ்ந்த ஆண்டுகளைப்பற்றி அவர் 1855இல் நூலொன்றும் வெளியிட்டார். இரவிலே மரத்தில் உலாவும் தேவாங்கின் சிற்றினமொன்று அழிந்தேபோயிற்று என்று கருதப்பட்டு, 2009இல் மீளக் கண்டு படம்பிடிக்கப்பட்டது.

குறிஞ்சிப்பூ இங்குண்டா என்று மாணவர் வினவினர். நீலகிரியில் 12 ஆண்டுக்கொரு முறை மலையை நீலமாக்கும் அச்செடியின் உறவினச் செடிகள் இங்கும் உள. சிங்களத்தில் அவற்றை நெலு என்பர். அவற்றுட் சிலவும் பல்லாண்டுக்கொரு முறை ஒன்றாய்ப் பூத்து ஒன்றாய் மடிவன. பூவைக் காணும் பேறு அன்று எமக்கு இல்லை; செடியைக் கண்டோம்.

இந்நிலத்தைக் குறிஞ்சி என்பதா, முல்லை என்பதா என்று வழியில் எங்களுள் ஒரு வாதம் எழுந்தது. உயரத்தாலும் குளிராலும் அது குறிஞ்சி. விரிந்த புல்லாலும், மேயும் மானினத்தாலும், அகன்ற வானத்தாலும் அது முல்லை. உடன்வந்த ஆசிரியர் ஒருவர் தேனும் தினையும் இல்லாத குறிஞ்சி ஏது என்றார். மற்றவர் ஆயரும் குழலும் இல்லாத முல்லை ஏது என்றார். திணைகள் ஒன்றோடொன்று மயங்கும் என்று இலக்கணமே இடங்கொடுக்கின்றது. மலைமேல் வைத்த முல்லை என்று யான் தீர்ப்புக் கூறினேன். இருவரும் ஏற்றுக்கொண்டனர் என்று சொல்வதற்கில்லை.

கருப்பொருளுள் மக்களும் தொழிலும் அடங்கும் என்பதை மறத்தலாகாது. இப்புற்றரை இன்றும் புற்றரையாய் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கிற்று. அதனிடத்தில் தேயிலை வந்தது. 1873இல் தாவரவியலறிஞர் யோசேப் ஹூக்கர் கூறிய அறிவுரையை ஒட்டி, 5000 அடிக்கு மேற்பட்ட காடுகள் வெட்டப்படாமற் காக்கப்பட்டன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலைநீர் இம்மேட்டிலும் இதன் ஓரங்களிலும் ஊறுவது. வெட்டியிருந்தாற் காட்சி மட்டுமா போயிருக்கும்?

காக்கப்பட்ட எல்லைக்குக் கீழே வெட்டப்பட்ட காட்டின் வரலாறு தமிழ் மக்களின் வரலாறு. அக்காட்டை வெட்டித் தெருவமைத்து, கோப்பியும் தேயிலையும் நட்டவர்கள் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்தவர்கள். அவர்கள் வரத்தொடங்கி இருநூறு ஆண்டு நிறைந்ததை மலையக மக்கள் 2023இல் நினைவுகூர்ந்தனர். 1948இற் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது; எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. உலக முடிவில் நின்று கீழே பார்த்த மாணவி ஒருத்தி, பச்சைச் சரிவில் வெண்ணிறமாய் வரிசையாய்த் தெரிவன யாவை என்று கேட்டாள். அவை லயங்கள் என்றேன். அவ்வளவு உயரத்திலிருந்து அவை தீப்பெட்டிகள் போல் இருந்தன. அவள் அதன்பின் நெடுநேரம் அவற்றையே நோக்கிநின்றாள்.

உரி

ஹோட்டன் சமவெளியிலிருந்து ஒஹியாப் பக்கமாக இறங்கினோம். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த அத்தெருவில் ஒவ்வொரு வளைவும் ஒரு காட்சிமுனை. எங்கள் சாரதி மலையகத்தவர். வளைவில் நிறுத்தமாட்டேன், வளைவு கடந்து வெளிவாங்கிய இடத்தில் நிறுத்துவேன், இறங்கி நடந்து வந்து பாருங்கள் என்றார். அது நல்ல விதி. மலைத்தெருவில் வண்டியோட்டும் எல்லாரும் கைக்கொள்ளத்தக்கது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுதலும், இறக்கத்திற் சிறிய கியரிலே செல்லுதலும் அவர் கைக்கொண்ட வேறு விதிகள்.

மூன்றாம் நாள் விடியலில் ஹப்புத்தளையிலிருந்து லிப்டன் இருக்கைக்குச் சென்றோம். சேர் தோமஸ் லிப்டன் 1890இல் இப்பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்ட முனை என்பதால் அப்பெயர் வந்தது. டம்பத்தென்னைத் தொழிற்சாலையைக் கடந்து, தேயிலைக்குள்ளே ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க தெருவில் 7 கிலோமீற்றரளவு ஏறவேண்டும். உரிய பொழுதிலேயே சென்றோம். ஆயினும் அன்று மேகம் இரவே வந்து குடியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

எமக்கு முன்பின்னாக வேறு இரண்டு வண்டிகளிற் பயணிகள் வந்தனர். வெண்மூட்டத்தைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டனர்; பத்து நிமிடத்திற் போய்விட்டனர். அவர்க்கு அடுத்த இடமும் அதற்கடுத்த இடமும் பட்டியலில் இருந்தன. யாம் சிறு கடையிற் பிளேன்ரீ குடித்துக்கொண்டு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் இருந்தோம். மாணவர் முதலிற் சலித்தனர்; பின் தாமே அடங்கினர். திடீரென ஒரு காற்று வீசிற்று. திரை கிழிந்ததுபோல மேகம் இரண்டாகப் பிளந்தது. அடுக்கடுக்கான தேயிலைச் சரிவும், கீழே தெருவும், கோயிற் கூரையும், தாழ்நிலத்தின் குளங்களும் ஒருசேரத் தோன்றின. நான்கு நிமிடம் இருக்கலாம். மீண்டும் மூடிற்று. ஒருவரும் பேசவில்லை.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். வரவேண்டியது வருமென்று பொறுத்திருத்தல். புற்றரையில் நின்று காட்சி காண்பதற்கும் அதுவே உரியது என்பதை யான் அன்று உணர்ந்தேன். விளிம்பும் விடியலும் கூடினும், இருத்தல் இல்லையேல் ஒன்றும் இல்லை. நாளொன்றுக்கு ஆறு முனைகளைக் குறித்துக்கொண்டு ஓடுவோன் ஆறு மூட்டங்களைக் காண்பான். இரண்டை மட்டும் குறித்து அங்கே இருப்பவன் அவ்விரண்டையும் காண்பான்.

ஆனால் இருத்தற்கும் ஒரு விலை உண்டு. அதை அன்று பிற்பகல் அறிந்தோம்.

மதிலை மேலிருந்து காண்பது பாதிக் காட்சியே, கீழிருந்தும் காணவேண்டும். அதற்காகப் பெரகலைச் சந்தியில் திரும்பி, ஹல்துமுல்லை வழியாகப் பெலிகுல் ஓயாப் பக்கம் சென்றோம். அத்தெருவில் வலப்புறம் முழுவதும் மலைச்சுவர் வானத்தை மறைத்து எழுகின்றது. இலங்கையின் மிகவுயர்ந்த நீர்வீழ்ச்சியாகிய பம்பரகந்தை, 263 மீற்றர், அச்சுவரிலிருந்தே வீழ்கின்றது. முதல்நாட் காலை யாம் நின்ற விளிம்பு மேகத்துள் எங்கோ இருந்தது. தேயிலைத் தோட்டமொன்றின் ஓரத்தே, கொழுந்து நிறுக்கும் கொட்டிலின் அருகில் வண்டியை நிறுத்தினோம். கொழுந்துக்கூடையோடு நின்ற பெண்ணொருத்தியிடம், அம்மா, மலை எப்பொழுது தெரியும் என்று கேட்டேன்.

“காலையில தெரியுமுங்க ஐயா. ஒம்பது மணிக்கு மேல மேகம் ஏறி மூடிக்கும். அப்புறம் சாயந்தரக் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குத்தான் தொறக்கும். கொஞ்சம் நில்லுங்க, இப்பத் தொறந்துரும்” என்றார்.

அவர் சொன்னபடியே சற்று நேரத்தில் உச்சிவிளிம்பு பொன்னிறமாய்த் துலங்கிற்று. மேகம் ஏறும் பொழுதும் இறங்கும் பொழுதும் எந்த நூலும் பாராது அவர் அறிந்திருந்தார். மேலே உலக முடிவுக்குப் போயிருக்கிறீர்களா என்று எங்கள் மாணவி கேட்டாள்.

“இல்லம்மா. இங்கனதான் பொறந்தேன், போனதில்ல. அங்க போயிட்டு வந்தா ஒரு நாள் பேரு போயிரும்” என்று சிரித்துக்கொண்டே கூடையை எடுத்துக்கொண்டு தராசுக்குப் போனார்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதிவாவதைப் பேர் என்பர். பேர் போனால் அன்றைய கூலி போயிற்று. மூட்டம் கலையும்வரை லிப்டன் இருக்கையில் ஒரு மணி நேரம் இருந்ததை அருந்தவம் போல எண்ணி வந்த எமக்கு, அச்சிறு சொல் வேறொரு கணக்கைக் காட்டிற்று. காட்சிமுனை யாவர்க்கும் திறந்தே இருக்கின்றது. அங்கே இருக்கும் பொழுதுதான் யாவர்க்கும் ஒப்பக் கிடைப்பதில்லை.

நான்காம் நாள் எல்லைக் கணவாயைக் கண்டு, பண்டாரவளை, வெலிமடை வழியாகத் திரும்பினோம். கணவாயின் இருபுறமும் மலைகள் வாயிற்காவலர்போல் நிற்க, நடுவே வெல்லவாயாப் பக்கத்துத் தாழ்நிலம் தெரியும் காட்சி பலரும் அறிந்தது, ஈண்டு விரிக்கவில்லை. வெலிமடைத் தெருவின் உலர் பத்தனைகள் மாசி வெயிலிற் பொன்போல் உலர்ந்து கிடந்தன. மாணவி வானின் பின்னிருக்கையில் அமர்ந்து ஏட்டில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தாள்.

மாணவரை மலைநாட்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கட்குச் சொல்லவேண்டியது இவ்வளவே. உச்சியை விடுத்து விளிம்பை நாடுங்கள். காற்றடங்கிய மாதத்தையும், வெயில் ஏறாத காலையையும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியலைச் சுருக்கி, இருக்கும் நேரத்தைப் பெருக்குங்கள். மேலிருந்து கண்ட மலையை ஒருமுறை கீழிருந்தும் காட்டுங்கள். அங்கே கொழுந்து நிறுப்பவரிடம் இரண்டு சொற் பேசவிடுங்கள். நம் பிள்ளைகள் குறிஞ்சி நிலத்து மக்களின் பெயரும் தொழிலும் கேட்ட வினாவுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட விடையை எழுதி முழுப்புள்ளியும் பெறுகின்றனர். அது வேண்டியதே. அம்மலையில் இன்று வாழும் தமிழ்மக்களின் பெயரையும் தொழிலையும் அவர்கள் அறிந்துகொண்டால், அவ்விடைக்கு உயிரும் உண்டாகும்.